பழைய லேத்-மில்லிங் கம்பைன்ட் மிஷினை வீட்டு ஷெட்டில் உட்கார வைக்க யோசனை வேண்டும்

கார்ஷெட்
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு லேத்-கம்-மில்லிங் மிஷின் வாங்கியாச்சு. சென்டருக்கு சென்டர் 500 மி.மீ., ஹெட் ஸ்டாக் (பொருளைச் சுற்றும் இடப்பக்கத் தலை) மேலேயே உருண்டை பில்லர், அதில் மில்லிங் ஹெட். எடை 200 கிலோ தாண்டும். லேத் மோட்டார் சிங்கிள் பேஸ், கெபாசிட்டர் ஸ்டார்ட். மில்லிங் மோட்டாரை முன்னாடி வைத்திருந்தவர் 1 எச்பி த்ரீ பேஸாக மாற்றியிருக்கிறார், பிளேட்டில் 415 வோல்ட் ஸ்டார், 1.8 ஆம்பியர். வீட்டில் சிங்கிள் பேஸ்தான்.

ஸ்டாண்டு எப்படி அடிப்பது, ஆங்கர் போட்டு இறுக்கலாமா, லெவல் எவ்வளவு பார்க்கணும்? மில்லிங் மோட்டாரை எப்படி ஓட்டுவது?

டர்னர்
தூக்குவதற்கு முன்னாடி மில்லிங் ஹெட், சக்கு (பொருளைப் பிடிக்கும் தாடை), டெயில் ஸ்டாக் (எதிர் முனையில் தாங்கும் தலை) மூன்றையும் கழற்றி இறக்கிடுங்க. ஹெட் மேலே இருந்தால் எடை முழுக்க ஒரு மூலையில், அதுவும் உச்சியில் நிற்கும். செயின் பிளாக்கில் எடுத்த உடனே சாயும். தூக்கும் பெல்ட்டை பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடி உடல்) அடியில் கொடுங்க. நீள மரை ராடான லீட் ஸ்க்ரூவையும் சேர்த்துச் சுற்றினால் அது வளைஞ்சுடும், அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு.

ஸ்டாண்டுக்கு 65×65×6 ஆங்கிள், மேலே 12 மி.மீ. பிளேட். வெல்டிங் சூட்டில் பிளேட் நெளியும், அதனால் அது மட்டம் என்று நம்ப வேண்டாம். நாலு போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, ஒவ்வொரு கால் அடியிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. இடைவெளி இருக்கிற காலுக்கு அதே கனத்தில் ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு). இதைச் செய்யாமல் ஸ்பேனரைப் போட்டால் போல்ட் பெட்டையே முறுக்கிடும். லேத் டேப்பர் அடிக்கிறது (ஒரு முனை பெருத்து வெட்டுகிறது) என்று வருகிற புகாரில் பாதி இதுதான்.

லெவலைப் பொறுத்தவரை, மிஷின் தரைக்கு மட்டமாக இருக்கணும்னு அவசியமே இல்லை. பெட்டில் முறுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கொத்தனார் ரசமட்டம் இதைக் காட்டாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் இரவல் கிடைத்தால் பெட்டுக்குக் குறுக்கே, ஹெட் ஸ்டாக் பக்கம் ஒருமுறை, டெயில் பக்கம் ஒருமுறை வையுங்க. இரண்டும் ஒரே மாதிரி காட்டணும்.

லெவல் இல்லையென்றாலும் வெட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 30 மி.மீ. ராடை சக்கில் பிடித்து 150 வெளியே விடுங்க. டெயில் சென்டர் கொடுக்கக் கூடாது. நடுவில் பள்ளம் எடுத்து இரண்டு முனையிலும் காலர் மாதிரி விட்டு, கூர்மையான எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் 0.05 மட்டும் கொடுத்து, டூலை உள்ளே-வெளியே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டு காலரையும் ஒரே ஓட்டத்தில் வெட்டி மைக்ரோமீட்டரில் அளங்க. டெயில் பக்கக் காலர் பெரிதாக இருந்தால் டெயில் பக்கத்து முன் காலுக்கு ஷிம்; சிறிதாக இருந்தால் பின் காலுக்கு.

பேனல்போர்டு
மோட்டார் விஷயம். 415 ஸ்டார் (மூன்று வைண்டிங்கின் ஒரு முனை ஒன்றாக முடிந்தது) என்றால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 240 வோல்ட்தான் போகிறது. டெர்மினல் பாக்ஸைத் திறங்க. ஆறு முனையும் வெளியே இருந்தால் ஸ்டார் பட்டையை எடுத்து டெல்டா (முக்கோண இணைப்பு) போட்டு, சிங்கிள் பேஸ் இன்புட், 220 த்ரீ பேஸ் அவுட்புட் கொடுக்கும் 0.75 கிலோவாட் விஎஃப்டியில் (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) ஓட்டலாம். மூன்று ஒயர்தான் வருகிறதென்றால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே இருக்கும். வைண்டிங் கடையில் கொடுத்து முடிச்சைப் பிரித்து ஆறாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்க.

டெல்டாவில் கரண்ட் 1.73 மடங்காகும், அதனால் விஎஃப்டியில் மோட்டார் கரண்டை 3.1 என்று செட் பண்ணணும். பிளேட்டில் இருக்கிற 1.8-ஐ அப்படியே போட்டால் லோடு ஏறிய உடனே டிரிப் ஆகும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் வேண்டாம், ஸ்டார்ட்-ஸ்டாப் கன்ட்ரோல் டெர்மினலில் எடுங்க. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ரொம்ப நேரம் ஓட்டினால் ஃபேன் காற்று பற்றாது, மோட்டார் கொதிக்கும்.

லேத் மோட்டாருக்கு வெறும் டம்ளர் சுவிட்ச் இருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்க. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது சக்கு தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அப்போ கை எங்கே இருக்குமோ தெரியாது. நோ-வோல்ட் காயில் (கரண்ட் போனால் விடுவித்துவிடும் காயில்) உள்ள சிங்கிள் பேஸ் ஸ்டார்டர் போடுங்க. கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் முழுசா நின்ன பிறகுதான் ரிவர்ஸ் போடணும். ஓடும்போது போட்டால் திரும்பாது, பழைய பக்கமே ஓடிக்கிட்டிருக்கும்.

எண்ட்மில்
ஆங்கர் கேட்டீங்களே, ஸ்டாண்டைத் தரையில் ஆங்கர் போடுங்க. ரப்பர் மவுண்ட் வேண்டாம், இந்த மாதிரி தலை கனத்த மிஷின் அதில் ஆடும்.

மில்லிங் பக்கம் எதிர்பார்ப்பைக் குறைச்சுக்குங்க. உருண்டை பில்லர் என்பதால் ஹெட்டை ஏற்றி இறக்கினால் சென்டர் விலகிடும். ஒரு வேலைக்கு வேண்டிய டிரில், எண்ட்மில், ரீமர் எல்லாம் ஹெட்டை அசைக்காமல் மாற்றுகிற மாதிரி குயில் (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகரும் குழல்) நீளத்துக்குள் திட்டம் போடுங்க. டிரில் சக்கில் எண்ட்மில்லைப் பிடிக்கவே கூடாது, பக்கவாட்டு அதிர்ச்சியில் டேப்பர் கழன்று சக்கோடு விழும். டிரா பார் (ஸ்பிண்டில் வழியே மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் நீள போல்ட்) போட்டு இறுக்குகிற இஆர் 25 காலட் சக்கு (கட்டரைச் சுற்றி இறுக்கும் பிளவுக் குழல் உள்ளது) வாங்குங்க.

ஹெட் நேராக நிற்கிறதா என்று பார்க்க, டயல் கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி டேபிள் மேல் 200 மி.மீ. வட்டம் சுற்றிப் பாருங்க, 0.03-க்குள் வந்தால் போதும். கிராஸ் ஸ்லைடு ஜிப்பை (ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) இழுத்தால் லேசாகப் பிடிக்கிற அளவுக்கு முடுக்குங்க. நட்டில் 0.2 பேக்லாஷ் (மரையின் லூசு ஆட்டம்) இருந்தால் பரவாயில்லை, ஆனால் கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் ஃபீட் கொடுக்கணும். கூடவே கொடுத்தால் கட்டர் டேபிளை இழுத்துப் பல் உடையும்.

கார்ஷெட்
எல்லாருக்கும் நன்றிங்க. மோட்டாரில் ஆறு முனை இருக்கு. டர்னர் சார், காலர் வெட்டிப் பார்த்தேன். 120 மி.மீ. தூரத்தில் டெயில் பக்கம் 0.04 பெரிசு. எத்தனை கனம் ஷிம்?

டர்னர்
முதல்ல டூலை அதே இடத்தில் வைத்து, வெட்டு ஏற்றாமல் இன்னும் இரண்டு தடவை ஓட்டி அளங்க. ராடு வளைந்து விலகியதால் வந்த வித்தியாசம் அதில் குறையும். அப்புறமும் 0.04 நின்றால், அது விட்டத்தில் என்பதால் டூல் அதில் பாதி, 0.02 உள்ளே வரணும். ஹெட் பக்கத்துக்கும் டெயில் பக்கத்துக்கும் நடுவே போல்ட் தூரம் 600 என்றால் 120-க்கு அது ஐந்து மடங்கு, ஆக 0.10 ஷிம். சென்டர் உயரமும் முன்-பின் போல்ட் இடைவெளியும் ஏறத்தாழ சமம் என்று வைத்துச் சொன்ன கணக்கு இது. போட்டு இறுக்கி, மறுநாள் திரும்ப வெட்டி அளங்க. 0.10, 0.20 போட்டும் அளவு நகரவே இல்லையென்றால் குறை பெட்டில் இல்லாமல், ஹெட் ஸ்டாக் திரும்பியிருக்கலாம். அதன் அடி போல்ட்டைத் தளர்த்திச் சரி பண்ணணும்.