ஆத்தர் செத்தாச்சுன்னா எப்படி வேணா படிக்கலாமா?

தாமிரபரணி:
எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் ரெண்டாவது வருஷம். இந்த செமஸ்டர்ல தியரி பேப்பர் இருக்கு, பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த்தோட 'ஆசிரியரின் மரணம்' கட்டுரையிலேயே மாட்டிக்கிட்டு நிக்கிறேன், எழுதினவரை வச்சு படைப்போட அர்த்தத்தை முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்ற கட்டுரை. போன வாரம் செமினார். நான் எடுத்தது ஷார்லட் பிராண்டியோட 'ஜேன் அயர்' நாவல், அதுல மாடியில பூட்டி வச்சிருக்கிற பெர்த்தா மேசன் பத்தி. ஜமைக்காவுல இருந்து கல்யாணம் பண்ணி கூட்டிட்டு வந்த பொண்ணு, நாவல் முழுக்க ஒரு வார்த்தை கூட அவ வாயால நமக்கு கதை சொல்றதில்ல, அவளைப் பைத்தியம்னு நமக்கு சொல்றது அவ புருஷன் ராச்செஸ்டர் மட்டும்தான், அப்ப அவர் சொல்றதை நாம ஏன் அப்படியே நம்பணும்னு பேசினேன். முடிச்சதும் மேடம் கேட்டாங்க, "ஷார்லட் பிராண்டி அப்படி நினைச்சுதான் எழுதினாங்கன்னு உன்கிட்ட ஆதாரம் இருக்கா?" என்கிட்ட இல்ல. அப்ப பின் பெஞ்சுல இருந்து ஒரு பையன் "ஆத்தர்தான் செத்தாச்சே மேடம், எப்படி வேணா படிக்கலாம்"னு சொன்னான், கிளாஸே அவன் பக்கம் போயிடுச்சு.

எனக்கு சப்போர்ட்டா பேசினவன்தான், ஆனா எனக்கு அது ஆறுதலாவே இல்ல. எப்படி வேணா படிக்கலாம்னா நான் மூணு வாரம் உக்காந்து வரி வரியா படிச்சதுக்கு என்ன அர்த்தம்? பார்த் உண்மையிலயே அப்படித்தான் சொன்னாரா?

வாசிப்புமேசை:
இல்லம்மா, அப்படி சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி உங்க மேடம் கேட்ட கேள்விய பார்ப்போம், ஏன்னா அதுக்கு பதில் சொன்னது பார்த் இல்ல, அவருக்கு இருபது வருஷம் முன்னாடியே அமெரிக்காவுல விம்சாட், பியர்ட்ஸ்லின்னு ரெண்டு பேர் 1946ல எழுதின கட்டுரை. எழுதினவர் நோக்கத்தை வச்சு கவிதைய எடை போடுறது ஒரு பிழைன்னு அவங்க சொன்னாங்க. காரணம் ரொம்ப எளிமையானது. கவிஞர் நினைச்சது கவிதையில வந்திருந்தா கவிதைய பார்த்தாலே தெரியும், வரலைன்னா அவர் மனசுல என்ன இருந்துச்சுங்கிறது கவிதைக்கு ஆதாரம் ஆகாது. அதனால "ஆசிரியர் நினைச்சாங்களா"ன்னு கேட்டா நீங்க "பிரதியில, அதாவது எழுதியிருக்கிற வரிகள்ல, இருக்கா"ன்னு கேளுங்கன்னு திருப்பி சொல்லலாம், அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, நான் முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தவன், அந்தப் பையன் சொன்னதுக்கும் ஒரு பதில் இருக்கு. ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ்னு ஒரு விமர்சகர் கேம்பிரிட்ஜ்ல ஸ்டூடண்ட்ஸுக்கு கவிதைகளை பேர் இல்லாம குடுத்து என்ன தோணுதோ எழுதுங்கன்னு சொன்னார். அதுல இருந்து 13 கவிதைகளும் அவங்க எழுதினதும் 1929ல புத்தகமா வந்துச்சு. பேர் தெரியாததால பெரிய கவிஞர்களை மட்டம்னு தள்ளியிருக்காங்க, சுமாரானதை தலையில தூக்கி வச்சிருக்காங்க, அதை விட மோசம், வரிக்கு நேரடி பொருள் கூட பலருக்கு பிடிபடல. ஆசிரியர் பேரை எடுத்துட்டா வாசிப்பு தானா வந்துடாதுன்னு எனக்கு அதுலதான் புரிஞ்சது. அதுக்கு அப்புறம்தான் உழைப்பே ஆரம்பிக்குது.

சுடரொளி:
பார்த் பத்தி நான் சொல்றேன், ஏன்னா அந்தக் கட்டுரைய தலைப்பை மட்டும் படிச்சுட்டு பேசுறவங்கதான் அதிகம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

அது முதல்ல வந்தது பிரெஞ்சுல இல்ல. 1967ல ஆஸ்பென்னு ஒரு அமெரிக்க பத்திரிகையில இங்கிலீஷ்ல வந்துச்சு, அது பத்திரிகைன்னு சொன்னாலும் ஒரு பெட்டி, உள்ள இசைத்தட்டு, ஃபிலிம், தனித்தனி தாளுன்னு கிடக்கும், எதை முதல்ல எடுக்கணும்னு வாசகர்தான் முடிவு பண்ணணும். பிரெஞ்சுல அடுத்த வருஷம் 1968ல வந்துச்சு. பிரான்ஸ்ல அப்ப யூனிவர்சிட்டி விமர்சனம்னா ஆசிரியர் வாழ்க்கைய தோண்டி அதுல இருந்து படைப்புக்கு விளக்கம் குடுக்கிறதுதான், பார்த் ரசீன் நாடகங்களைப் பத்தி 1963ல வேற மாதிரி எழுதினதுக்கு ரேமோன் பிகார்னு சோர்போன் பேராசிரியர் 1965ல இது மோசடின்னு ஒரு புத்தகமே போட்டார், பார்த் அடுத்த வருஷமே பதில் எழுதினார், அந்த சண்டை நடந்த சூட்டுலதான் இந்தக் கட்டுரை வருது, அதனாலதான் அந்த தலைப்பு அவ்வளவு காரமா இருக்கு.

கட்டுரையோட முதல் பாராவ திரும்ப படிங்க ப்ளீஸ். பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கோட 'சராசீன்' கதை. சராசீன்னு ஒரு சிற்பி ரோம்ல ஒரு பாடகி மேல பைத்தியமா காதலிக்கிறான், ஆனா அது பொண்ணு இல்ல, சின்ன வயசுல விதை நீக்கப்பட்ட ஆண் பாடகர். அந்தக் கதையில "இவதான் பெண், அவளோட திடீர் பயங்கள் என்ன, காரணமில்லாத விருப்பங்கள் என்ன"ங்கிற மாதிரி ஒரு வரி வருது. பார்த் கேக்குறார், இதை யார் சொல்றது? ஏமாந்து நிக்கிற சராசீனா? பெண்களைப் பத்தி தனக்குன்னு ஒரு அபிப்ராயம் வச்சிருந்த பால்சாக்கா? அந்தக் காலத்துல எல்லாரும் பேசின பொதுப்புத்தியா? சொல்லவே முடியாதுங்கிறார். சும்மா "உனக்கு தோணினதை சொல்லு"ன்னா இந்தக் கேள்வியே கேட்டிருக்க வேண்டாமே! அதே கதைய எடுத்து 1970ல 'எஸ்/இசட்'னு ஒரு புத்தகம் எழுதினார், சின்னக் கதைதான், அதை 561 துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் எந்தெந்த குறியீடு ஓடுதுன்னு அஞ்சு வகையா பிரிச்சு பார்த்திருக்கார். ரெண்டு வருஷ செமினார் உழைப்பு அது. எப்படி வேணா படிக்கலாம்னு நினைக்கிறவர் 561 துண்டா வெட்டிட்டு உக்காந்திருப்பாரா?

கார்த்திகைப்பூ:
தாமிரபரணி, முதல்ல உங்க வாசிப்புல ஒரு திருத்தம், தப்பா எடுத்துக்காதீங்க. பெர்த்தாவைப் பத்தி சொல்றது ராச்செஸ்டர் மட்டும் இல்ல. 26வது அத்தியாயத்துல ராச்செஸ்டருக்கும் ஜேனுக்கும் நடக்க இருந்த கல்யாணம் நின்னுபோய் எல்லாரும் மேல போறாங்கல்ல, அங்க இருட்டுல முன்னும் பின்னும் ஓடுற உருவம் மிருகமா மனுஷியான்னு பார்த்தவுடனே தெரியலைன்னு சொல்றது ஜேன். அஃறிணையில சொல்றது ஜேன். நமக்கு கதை சொல்ற, நாம பாசம் வச்சு படிக்கிற பொண்ணு! ராச்செஸ்டரோட நீளமான கதை அடுத்த அத்தியாயத்துலதான் வருது. இதை சேர்த்தா உங்க கேள்வி இன்னும் கூர்மையாகும், ஏன்னா காயத்ரி ஸ்பிவாக்னு ஒரு விமர்சகர் 1985ல எழுதின கட்டுரையில இந்தப் பத்தியத்தான் பிடிச்சுக்கிறாங்க, ஜேன் ஒரு முழு தனிமனுஷியா எழுந்து நிக்கிறதுக்கு காலனியில இருந்து வந்த இன்னொரு பொண்ணு மனுஷத்தன்மையே இல்லாம ஆக வேண்டியிருக்குன்னு. அதுக்கு முன்னாடி 1979ல கில்பர்ட், குபார்னு ரெண்டு பெண்ணிய விமர்சகர்கள் அதே பெர்த்தாவை ஜேனோட அடக்கி வச்ச கோபம்னு படிச்சாங்க. அதுக்கும் முன்னாடி 1966ல ஜீன் ரீஸ், அவங்களே டொமினிக்காவுல பொறந்தவங்க, பெர்த்தாவுக்கு பேச்சு குடுத்து தனி நாவலே எழுதிட்டாங்க. ஒரே மாடி ரூம், மூணு வாசிப்பு. ஆனா மூணு வாசிப்புமே நாவல்ல இருக்கிறதுல இருந்துதான் கிளம்புது.

உங்க மேடம் கேட்ட ஆதாரம் ஒண்ணு நிஜமாவே இருக்கு. ஷார்லட் 1848 ஜனவரியில, பதிப்பகத்துல இருந்த வில்லியம்ஸுக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க, பெர்த்தாவைப் பார்த்தா ஆழமான இரக்கம்தான் வரணும், நான் அதுல போதுமான கவனம் செலுத்தாம பயங்கரத்தை அதிகமாக்கிட்டேன், அது என் தப்புன்னு. படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஆனா பாருங்க, அந்த லெட்டர் வந்ததால நாவல் மாறிடுச்சா? 26வது அத்தியாயம் அப்படியேதான் இருக்கு. எழுதினவங்களே தன் புத்தகத்துக்கு ஒரு வாசகரா நின்னு குறை சொல்றாங்க. அதனால லெட்டரை தீர்ப்பா வைக்காதீங்க, சாட்சியா வைங்க.

ஆனா ஆசிரியர் செத்தாச்சுன்னு எல்லாரும் சந்தோஷமா சொல்றப்ப எனக்கு உடன்பாடு இல்ல. 1847ல இந்த நாவல் வந்தப்ப அட்டையில இருந்த பேரு கரர் பெல். பொண்ணுன்னு தெரிஞ்சா ஒழுங்கா படிக்க மாட்டாங்கன்னு மறைச்ச பேரு. எழுதுறவங்கன்னு கணக்குலயே எடுக்காம விட்டவங்க இப்பதான் பேரோட எழுத வர்றாங்க, வந்தவுடனே பேரு முக்கியம் இல்லன்னா எப்படி? நான்சி மில்லர்னு ஒரு பெண்ணிய விமர்சகர் எண்பதுகள்ல இதைத்தான் கேட்டாங்க, பார்த் சொன்னது பெண்களுக்கு பொருந்தாது, அவங்க கையில அந்த அதிகாரம் இருந்ததே இல்லன்னு. 1992ல பாமா, ஒரு தலித் பெண், தன் வாழ்க்கைய 'கருக்கு'ன்னு எழுதினாங்க. அதை எழுதினது யாருங்கிறதை ஒதுக்கி வச்சுட்டு படின்னு எந்த தியரி சொன்னாலும் நான் படிக்க மாட்டேன்.

கொக்குவில்:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் விமர்சகர் கைலாசபதியைப் படிச்சு வளந்த ஆக்கள் கனபேர். அவர் பேர்மிங்காமில ஜோர்ஜ் தொம்சனிட்ட ஆராய்ச்சி செய்து, 1968இல ஒக்ஸ்போர்ட் போட்ட புத்தகத்தில சங்கப் பாட்டுகளை கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் வீரப் பாட்டுகளோட வச்சுப் பாத்தவர். வாய்மொழியாப் பாடின மரபில ஒரு தொடர் எத்தினை பேற்ற வாயில வந்தது எண்டு யோசிச்சால், தனி ஒராள் எழுதினது எண்ட எண்ணமே கொஞ்சம் ஆட்டம் காணுது.

சுடரொளி சொன்ன "யார் சொல்லுறது" எண்ட கேள்விக்கு ஒரு உதாரணம். குறுந்தொகை 40, யாயும் ஞாயும் யாராகியரோ. பாடினவரின்ர பேர் தெரியாது, அந்த "செம்புலப் பெயல்நீர்" எண்ட உவமையை எடுத்து அவருக்கு செம்புலப்பெயல்நீரார் எண்டு பேர் வச்சினம். பாட்டுத்தான் புலவரைப் பெத்திருக்கு! கீழ துறைக்குறிப்பில, அதாவது ஆர் எந்த நிலையில சொன்னது எண்டு காட்டிற குறிப்பில, தலைமகன் கூறியது எண்டு இருக்கு. அதைக் கையால மறைச்சுப்போட்டுப் பாட்டை மட்டும் வாசியுங்கோ. யானும் நீயும், எந்தையும் நுந்தையும். ஆணா பெண்ணா எண்டு காட்டிற ஒரு சொல்லும் இல்லை, தலைவி சொல்லுறதாகவும் வாசிக்கலாம். ஆனா அதைப் போர்ப்பாட்டு எண்டு வாசிக்க ஏலாது, பாட்டு விடாது. எனக்கு விளங்கின அளவில பாட்டு விடுற இடம், விடாத இடம் ரெண்டையும் பாக்கிறதுதான் வாசிப்பு.

தாமிரபரணி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி 26வது அத்தியாயத்தை மறுபடி படிச்சேன். கார்த்திகை அக்கா சொன்னது சரி, நான் ராச்செஸ்டர் மேலயே கோபமா இருந்ததால ஜேன் அப்படி சொன்னதை கவனிக்கவே இல்ல, அந்தப் பத்திய மார்ஜின்ல கோடு கூட போட்டு வச்சிருக்கேன், இருந்தும் கவனிக்கல. பேப்பரை முதல்ல இருந்து மாத்தி எழுதப் போறேன். ஒரே ஒரு சந்தேகம், அந்த லெட்டரை எங்க வைக்கிறது? முதல்லயே வச்சா மேடம் கேட்ட ஆதாரத்துக்கு பதில் சொன்ன மாதிரி ஆகும்ல?

கார்த்திகைப்பூ:
கடைசியில வைங்கம்மா. முதல்ல வச்சா ஷார்லட்டே ஒத்துக்கிட்டாங்க, அதனால நான் சொல்றது சரின்னு ஆயிடும், நீங்க அத்தியாயத்துல கஷ்டப்பட்டு கண்டுபிடிச்சது எல்லாம் வெறும் எடுபிடியா போயிடும். ஜேன் சொல்ற அந்த வரியில ஆரம்பிங்க. அங்க இருந்து ராச்செஸ்டர் கதைக்கு வாங்க. முடிச்சுட்டு இங்க போடுங்க, நான் படிச்சுட்டு சொல்றேன்.