ஈ-சைக்கிள் திரும்பி வாரப்ப மட்டும் நின்னு போகுது, அவசர உதவி வேணும்

காய்வண்டி | ஞாயிறு, இரவு 9.10
எல்லாருக்கும் வணக்கமுங்க. எலக்ட்ரிக் சைக்கிள் வெச்சிருக்கேன். ஒரு வாரமா பாதி வழியில பவர் கட் ஆயிருதுங்க. கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சா மறுபடி ஓடுது. காலைல போறப்ப ஒண்ணும் ஆகறதில்ல, திரும்பி வாரப்ப மட்டும் இப்படி. பேட்டரி மாத்தோணுமா? விலை கேட்டா தலை சுத்துதுங்க. விடியக்காலம் 4 மணிக்கு மார்க்கெட் போகோணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வோல்ட்48 | இரவு 9.22
எத்தனை வோல்ட், எத்தனை ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு), எவ்வளவு தூரம், பேட்டரி வாங்கி எத்தனை வருஷம்? இதெல்லாம் சொல்லாம 'பவர் கட்'னு மட்டும் எழுதினா யாருக்கும் ஜோசியம் தெரியாது. இதே கேள்விக்கு இங்கே நான் பல தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. போகும்போது சரி, வரும்போது கட் என்றால் பேட்டரியில் ஒரு செல் வரிசை இறங்கிவிட்டது. வோல்டேஜ் விழுந்ததும் பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட், மொத்தத்தையும் நிறுத்தும். சும்மா வைத்தால் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், அதனால் மறுபடி ஓடும். யோசிக்க ஒன்றுமில்லை, பேட்டரியை மாத்துங்க.

மழைக்கோட்டு | இரவு 9.41
அண்ணே, மழைல நனைஞ்சுச்சா? நான் செங்கோட்டைல இருந்து புளியரை ஏறி ஆரியங்காவு வரைக்கும் போய்ட்டு வர்றவன். எனக்கு இதே மாதிரி நின்னப்ப மோட்டார் கனெக்டருக்குள்ள தண்ணி. ரெண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், அது நேருக்கு நேர் வர்ற மாதிரி கடைசி வரைக்கும் அழுத்தணும். பாதி உள்ள போனாலே வண்டி ஓடும், ஆனா தண்ணி ஏறிரும். வயரை கனெக்டருக்குக் கீழ கொஞ்சம் தொங்க விட்டுக் கட்டுங்க, தண்ணி அந்தத் தொங்கல்ல சொட்டிரும், உள்ள போகாது. நனைஞ்ச வண்டியை வந்த உடனே சார்ஜ்ல போடாதீங்க, துடைச்சுக் காய விட்டுப் போடுங்க.

கணவாய்க்காத்து | இரவு 10.05
தம்பி எந்தப் பக்கம்? மேற்கே பார்த்துத் திரும்பறீங்களான்னு மட்டும் சொல்லுங்க. நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுல 22 வருஷமா சைக்கிள் மிதிக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத் தொடர்ல வாய் திறந்து கிடக்குது. ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் மேற்கே இருந்து வர்ற காத்தெல்லாம் அதுக்குள்ள புகுந்துதான் கிழக்கே பாயுது. உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாலை நிக்கிறது அதை நம்பித்தான். சைக்கிள் 20ல போகுது, எதிர்காத்து 20ல அடிக்குதுன்னு வையுங்க. காத்தோட தடை ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. மோட்டார் அத்தனையும் இழுக்கோணும். அதிகக் கரண்ட் போனா பிஎம்எஸ் நிறுத்தத்தான் செய்யும். பேட்டரி மேல பழி போடாதீங்க. ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு இறக்கி, காலும் சேர்த்து மிதிங்க.

பொள்ளாச்சி அக்கா | இரவு 10.20
தம்பி, ஒண்ணே ஒண்ணு பார்த்துச் சொல்லு. நிக்கிறப்ப ஹேண்டில்ல இருக்கிற டிஸ்ப்ளே விளக்கும் அணையுதா, இல்ல விளக்கு எரிஞ்சுட்டே மோட்டார் மட்டும் நிக்குதா? இது தெரியாம யாரும் பேட்டரி மாத்தச் சொல்ல வேண்டாம். விளக்கும் சேர்ந்து அணைஞ்சா பேட்டரி, பிஎம்எஸ், மெயின் வயர் பக்கம் தேடணும். விளக்கு எரிஞ்சுட்டே மோட்டார் மட்டும் செத்தா, மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பற கண்ட்ரோலர் பெட்டிக்கு அந்தப் பக்கம். பிரேக் பிடிச்சா மோட்டாரை நிறுத்தற லீவர் சுவிட்ச், ஆக்ஸிலேட்டர், மோட்டார் வயர், பெரும்பாலும் இது மூணுல ஒண்ணு.

காய்வண்டி | திங்கள், மதியம் 1.15
மன்னிச்சுக்குங்க, அவசரத்துல எழுதிட்டேன். 36 வோல்ட், 10 ஏஹெச் லித்தியம், 250 வாட். ஒண்ணரை வருஷம் ஆச்சு. ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம். வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு 9 கிலோமீட்டர். போறப்ப 30 கிலோ காய், வாரப்ப வெறுங்கூடை. வாரப்ப மேற்கே பார்த்துத்தானுங்க, காத்து மூஞ்சில அடிக்குது. மழைலயும் நனைஞ்சுது. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேன், ஃபுல் சார்ஜ்ல 41.6, வீடு வந்தப்புறம் 37.8. விளக்கு எரிஞ்சுட்டேதான் இருக்குதுங்க அக்கா. மோட்டார் நிக்கறதுக்கு முன்னாடி கடகடன்னு உதறுது. இன்னைக்கும் ரெண்டு தடவை நின்னுச்சு.

வோல்ட்48 | மதியம் 1.40
37.8 என்பது ஓட்டம் நின்ற பிறகு எடுத்த அளவு. ஓடும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்த்தீர்களா? அதைப் பார்க்காமல் அளவு எடுத்துப் பயனில்லை.

பொள்ளாச்சி அக்கா | மதியம் 2.02
சரி, அதையும் பார்க்கட்டும். ஆனா 36 வோல்ட் பேட்டரினா 10 செல் வரிசை, நிறைஞ்சா 42, கட் ஆகறது சுமார் 30 வோல்ட்ல. 37.8னா இன்னும் பாதிக்குக் கிட்ட இருக்குது. பிஎம்எஸ் கட் பண்ணியிருந்தா டிஸ்ப்ளேவுக்கும் கரண்ட் வராது. விளக்கு எரியுதுன்னு தம்பி தெளிவாச் சொல்லியாச்சு. அந்த 'கடகட'தான் என் மனசுல உறுத்துது. தம்பி, பிரேக் லீவர்ல இருந்து வர்ற மெல்லிசான வயரை மட்டும் கழட்டிட்டு, சக்கரத்தைத் தூக்கி ஓட விட்டுப் பாரு.

நாஞ்சில் ஸ்பேனர் | மதியம் 2.30
மக்கா, இது கம்பெனி வண்டியா, மோட்டார் கிட் வாங்கிப் பழைய சைக்கிள்ல மாட்டினதா? மோட்டார் முன் சக்கரத்துலயா பின் சக்கரத்துலயா? சமீபத்துல சக்கரத்தைக் கழட்டி மாட்டினியளா? இது மூணுக்கும் பதில் சொல்லுங்க.

காய்வண்டி | மதியம் 3.10
பிரேக் லீவர்ல வயரே இல்லைங்க, பழைய கம்பி பிரேக்கு. அப்பாவோட கருப்பு சைக்கிளுங்க, அதுல கிட் போட்டோம். மோட்டார் முன் சக்கரத்துல. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கோட வெட்டுல, சக்கர நடுவுல இருக்கிற ஆக்சில் உள்ள போகலைன்னு அரம் போட்டு அகலப்படுத்தினாங்க. கிட் சக்கரத்தோட ரிம்முக்குக் கம்பி பிரேக் உக்காரலை, அதனால முன் பிரேக்கைக் கழட்டியாச்சு, பின் பிரேக் இருக்குது. பத்து நாளைக்கு முன்னாடி முன் சக்கரம் பஞ்சர் ஆச்சு, வழில ஒரு கடைல ஒட்டினோம். அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

நாஞ்சில் ஸ்பேனர் | மதியம் 3.24
மக்கா, இன்னைக்கு அந்த வண்டில ஏறாதீங்க. நாளைக்கு மார்க்கெட்டுக்கும் வேண்டாம்.

சொல்லுதேன் கேளுங்க. சாதா சைக்கிள்ல ஆக்சில் சும்மா நிக்கும், சக்கரம் மட்டும் சுத்தும். மோட்டார் சக்கரத்துல அப்படி இல்ல. மோட்டார் சக்கரத்தை முன்னால தள்ளுதப்ப அதே பலத்துல ஆக்சிலைப் பின்னால திருகும். அதுக்காகத்தான் ஆக்சிலோட ரெண்டு பக்கமும் தட்டையாச் சீவி விட்டிருக்கு, 10 மில்லிமீட்டர் அகலம். அந்தத் தட்டை ஃபோர்க் வெட்டுல இறுக்கமா உக்காரணும். உங்க மாதிரி மோட்டார் சுமார் 30 நியூட்டன் மீட்டர் திருகும், அதாவது ஒரு மீட்டர் கம்பி முனைல 3 கிலோ தொங்குத மாதிரி. 10 மில்லிமீட்டர்ல அந்தத் திருகலைத் தடுக்கணும்னா ஏறத்தாழ 300 கிலோ பலம் வேணும். அரம் போட்டு அகலமாக்கின வெட்டு அதை எவ்வளவு நாள் தாங்கும்?

அதனாலதான் கிட்டோட மூக்கு வச்ச வாசர் ரெண்டு வரும். அந்த மூக்கு ஃபோர்க் வெட்டுக்குள்ள இறங்கி உக்காரணும். பஞ்சர் கடைல சாதா சக்கரம்னு நினைச்சு மூக்கை வெளிய திருப்பி வச்சிருப்பாங்க, இல்ல வாசரையே மறந்திருப்பாங்க. நட்டும் கையளவு இறுக்குனதாத்தான் இருக்கும். ஆக்சில் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்துது. மோட்டார் வயர் அந்த ஆக்சில் ஓட்டை வழியாத்தான் வெளிய வருது. ஆக்சில் சுத்தினா வயர் முறுக்கி ஃபோர்க் விளிம்புல நசுங்கும். கடகடன்னு உதறது, சக்கரம் எந்த நிலைல இருக்குன்னு சொல்லுத ஹால் வயரோ, மோட்டாருக்குக் கரண்ட் கொண்டு போற ஃபேஸ் வயரோ விட்டு விட்டுத் தொடுததால. காலைல காத்து முதுகுல தள்ளுது, மோட்டார் பலமா இழுக்கல. வரும்போது எதிர்காத்து, முழுசா இழுக்கு, ஆக்சில் அசையுது. சித்தூர் அண்ணாச்சி சொன்ன காத்து சரிதான், ஆனா அது பேட்டரியைத் தொடல, ஆக்சிலைத் தொட்டிருக்கு.

இதே முன் சக்கரம் வெட்டுல இருந்து கழண்டு வந்தா ஓடுத வண்டில தலைகுப்புறத்தான் விழணும். அதான் ஏறாதீங்கன்னு சொன்னேன்.

பார்க்க வேண்டியது: முதல்ல பேட்டரி கனெக்டரைக் கழட்டுங்க. வயர் ஆக்சில்ல இருந்து வெளிய வர்ற இடத்தைப் பாருங்க, மேல் தோல் நசுங்கியிருக்கா, செம்பு தெரியுதா. அப்புறம் மோட்டார் கனெக்டரையும் பிரிச்சுட்டு சக்கரத்தைக் கையால சுத்துங்க. லேசாச் சுத்தினா நல்லது. பிரிச்ச பிறகும் விட்டு விட்டுக் கனமாச் சுத்தினா உள்ள ரெண்டு ஃபேஸ் வயர் ஒட்டிக்கிட்டுன்னு அர்த்தம். அந்த நிலைல கனெக்டரைத் திரும்ப மாட்டி ஓட்டினா கண்ட்ரோலரும் போயிரும்.

சட்டப்படி | மாலை 4.00
முன் பிரேக் இல்லாமல் கிட் போட்ட சைக்கிளில் கேரள-தமிழ்நாடு எல்லை வரைக்கும் போகிறீர்களா? வேலந்தாவளம் செக்போஸ்டில் பிடித்தால் என்ன செய்வீர்கள்?

வோல்ட்48 | மாலை 4.12
யாரும் பிடிக்க மாட்டார்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். இதுகூடத் தெரியாமல் பயமுறுத்த வேண்டாம்.

சட்டப்படி | மாலை 4.31
விதியை முழுசாகப் படியுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 சொல்வது '250 வாட்டுக்குக் குறைவு' என்று. அதுவும் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. மிதிக்கிற சைக்கிள் என்றால் 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது மோட்டார் நிற்க வேண்டும், மிதிப்பதை விட்டாலும் நிற்க வேண்டும். தகுந்த பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இதெல்லாம் நிபந்தனை. அதைச் சோதனை நிறுவனம் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும். வீட்டில் மாட்டிய கிட்டுக்கு அந்தச் சான்று எங்கே?

வோல்ட்48 | மாலை 4.50
ஊரில் ஓடுகிற கிட் சைக்கிள் எல்லாம் சான்று வாங்கித்தான் ஓடுகிறதா? நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள்.

சட்டப்படி | மாலை 4.58
எல்லோரும் செய்கிறார்கள் என்பது விபத்து நடந்த பிறகு உதவாது. இது கேரளம், தமிழ்நாடு என்று மாறுகிற விதியும் இல்லை, எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

மழைக்கோட்டு | மாலை 5.20
ரெண்டு பேரும் வேற இழை போட்டுப் பேசுங்களேன். அந்த அண்ணன் வண்டில ஏறிட்டாரா இல்லையான்னே தெரியல.

பொள்ளாச்சி அக்கா | மாலை 6.45
தம்பி, பார்த்தியா? ஒரு வரி எழுது.

கணவாய்க்காத்து | செவ்வாய், காலை 8.30
ராத்திரியெல்லாம் நல்ல காத்து. தம்பி இன்னைக்கு வண்டி எடுத்திருக்கக் கூடாதுன்னு சாமியைக் கும்பிட்டுட்டு இருக்கேன். நான் காத்து காத்துன்னு சொல்லிட்டு இருந்தேன், நாஞ்சில்காரர் கேட்ட மாதிரி சக்கரத்தைக் கழட்டினியான்னு கேட்கத் தோணலை. பக்கத்து ஊர்தான், போன் நம்பர் இருந்தா நேர்லயே போய்ப் பார்த்திருப்பேன்.

நாஞ்சில் ஸ்பேனர் | செவ்வாய், மதியம் 12.10
வந்து படிச்சா உதவும்னு எழுதி வைக்கேன். வாசரைச் சரியா வச்சா மட்டும் போதாது. டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புத் தகடு உண்டு. ஒரு முனை ஆக்சில் தட்டைல கச்சிதமா உக்காரும், மறு முனையை ஃபோர்க் தண்டுல கிளாம்ப் போட்டு இறுக்கணும். அந்தத் தகடு 10 சென்டிமீட்டர் நீளம்னா 300 கிலோ பலம் வேண்டிய இடத்துல 30 கிலோ போதும். லேத்துல 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு கொடுத்தா வெட்டித் தருவாங்க, ஓட்டை ஆக்சிலுக்கு ஆடாம இருக்கணும், அது முக்கியம். அரம் போட்ட வெட்டுல விரிசல் இருந்தா அந்த ஃபோர்க்கே வேண்டாம், மாத்திருங்க. நட்டுல பெயிண்ட்டால ஒரு கோடு போட்டு ஃபோர்க் வரைக்கும் இழுத்து வைங்க. தினம் காலைல ஏறுததுக்கு முன்னால கோடு நேரா இருக்கான்னு பார்த்தா போதும். இனி எங்க பஞ்சர் ஆனாலும் பக்கத்துல நின்னு வாசரை நீங்களே எடுத்து வைங்க.

முன் பிரேக்கை விட்டுராதீங்க. 30 கிலோ காயோட நிறுத்தணும்னா முன் பிரேக்தான் பாதிக்கு மேல வேலை செய்யும். ஃபோர்க் தலைல மட்காடு போல்ட் ஓட்டை இருக்கும், அதுல நீளக் கை வச்ச காலிப்பர் பிரேக் மாட்டலாம், ரிம்மை ரெண்டு பக்கமும் இடுக்கிப் பிடிக்கும். லீவர் வாங்கும்போது மோட்டாரை நிறுத்துற சுவிட்ச் உள்ளதா வாங்குங்க.

காய்வண்டி | புதன், இரவு 8.50
அண்ணா சொன்னதுதானுங்க. செவ்வாக்கிழமை வண்டி எடுக்கலை, காயை ஆட்டோவுல ஏத்தி விட்டேன். கழட்டிப் பார்த்தா ஆக்சில் கால் சுத்துக்கும் மேல திரும்பிக் கிடந்துது. வயர் தோல் கிழிஞ்சு மஞ்ச வயர்ல செம்பு தெரிஞ்சுது. வலது பக்கம் வாசரே இல்லைங்க. கடைல போய்க் கேட்டேன், டப்பாவுல போட்டு வெச்சிருந்தாங்க. வயருக்கு ஒட்டு போட்டாச்சு, சக்கரம் லேசாச் சுத்துது. ஃபோர்க் வெட்டுல மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரியுது, அதனால வேற ஃபோர்க் தேடிட்டு இருக்கேன். பேட்டரி வாங்க வெச்சிருந்த காசுல அதுவும் பிரேக்கும் வந்துரும். எல்லாருக்கும் நன்றிங்க.

நாஞ்சில் ஸ்பேனர் | புதன், இரவு 9.05
நல்லது மக்கா. வயருக்கு ஒட்டு போட்டது ஈயம் வச்சுப் பத்த வச்சதா, சும்மா முறுக்கி டேப் சுத்தினதா? டேப்னா மழைக்கு நிக்காது. இடது பக்க வாசரோட மூக்கு உள்ள இறங்கியிருக்கான்னும் பாருங்க.

வோல்ட்48 | புதன், இரவு 9.30
இருந்தாலும் பேட்டரியை ஓடும்போது ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது.

பொள்ளாச்சி அக்கா | வியாழன், காலை 6.10
தம்பி, அண்ணன் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு ஓட்டு. பொள்ளாச்சில பழைய சைக்கிள் சாமான் விக்கிற கடைல ஃபோர்க் கிடைக்கும், எனக்கும் அங்கதான் கிடைச்சுது. வாங்கப் போறப்ப மோட்டார் சக்கரத்தையும் கையோட எடுத்துட்டுப் போ, அங்கயே மாட்டிப் பார்த்து வாங்கலாம்.