கோனோமா போனால் டிராகோபன் கண்ணில் படுமா?

கானுயிர்_பித்தன்:
ஏப்ரலில் ஒரு வாரம் லீவு இருக்கிறது, நானும் மனைவியும் நாகாலாந்து போகலாம் என்று இருக்கிறோம். கோனோமாவில் உள்ள சரணாலயம் வனத்துறையுடையது இல்லை, ஊர்க்காரர்களுடையது என்கிறார்களே, அப்படியென்றால் கைடு, அனுமதி எல்லாம் யாரிடம் கேட்பது? முக்கியமாக, பிளித் டிராகோபன் என்கிற அந்தக் காட்டுக்கோழி இனப் பறவையைப் பார்க்க முடியுமா? அப்புறம், மனைவி சைவம்.

மலைக்காகம்:
மூன்று ராத்திரி தங்கினேன், குரல் கேட்டதோடு சரி. ஆனால் நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை விடியற்காலையில் கத்தும். கைடை ஹோம்ஸ்டேக்காரரே ஊரிலிருந்து பிடித்துத் தருவார். நாகாலாந்துக்குள் நுழைய வெளி மாநிலத்தவர் எடுக்கவேண்டிய இன்னர் லைன் பெர்மிட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். திமாப்பூர் வரை விமானம், அங்கிருந்து கோஹிமா, கோஹிமாவிலிருந்து 20 கி.மீ. போல வரும். ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதீர்கள், ஊரே சர்ச்சில் இருக்கும், கடையும் இருக்காது. சைவத்துக்கு சோறும் வேகவைத்த கீரையும் உண்டு, ஆனால் மிளகாய் சட்னியை மட்டும் நம் ஊர்க் கணக்கில் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கரிசல்_ராஜா:
ஊர்க்காரர்கள் காப்பாற்றுகிறார்கள் என்பதெல்லாம் ஹோம்ஸ்டே வியாபாரத்துக்கான கதை இல்லையா? அங்கே வேட்டை பரம்பரைப் பழக்கம் ஆயிற்றே.

மலைக்காகம்:
பழக்கம்தான், அதனால்தான் விஷயமே பெரிது ராஜா. 1993இல் ஒரே வாரத்தில் 300 டிராகோபன்கள் சுடப்பட்டதாக ஒரு கணக்கு சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊருக்குள்ளேயே வருஷக்கணக்கில் சண்டை போட்டுத்தான் 1998இல் கிராமக் கவுன்சில் சுமார் 20 சதுர கி.மீ. காட்டைச் சரணாலயமாக அறிவித்தது, வேட்டைக்கும் தடை போட்டது. அரசியல் சட்டத்தின் 371ஏ பிரிவு நாகாலாந்தில் நில உரிமையை அவர்கள் மரபுக்கே விட்டுவைத்திருக்கிறது, அதனால் காட்டைக் காப்பதும் அழிப்பதும் அந்த ஊரின் அங்காமி நாகா பழங்குடி மக்கள் கையில்தான். நம்மைப் போன்ற ஆட்கள் கேமராவோடு போக ஆரம்பித்தது பிறகுதான். வேட்டையை விட்ட வீட்டுக்கு அறை வாடகையும் கைடு கூலியும் போய்ச் சேர்ந்தால் அதில் என்ன தப்பு?

கானுயிர்_பித்தன்:
சரி, பறவை வராவிட்டாலும் போகிறோம். அட்டைக்கு உப்பு எடுத்துப் போகவேண்டுமா?

மலைக்காகம்:
ஏப்ரலில் மழை பிடித்துக்கொண்டால் வேண்டும். எதற்கும் ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.