ஹைபிரிட் காருக்கு வெளியே சத்தம் பூட்ட வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஜப்பானில் இருந்து வந்த 2012 ஹைபிரிட் கார் ஒன்று ஓடுகிறேன். மெதுவாகப் போகும்போது பேட்டரியில் மட்டும் ஓடுவதால் சத்தமே இல்லை. போன கிழமை ஒழுங்கைக்குள் றிவேர்ஸ் எடுக்க, கண் தெரியாத ஐயா ஒருவர் தடியைத் தட்டித் தட்டிப் பின்னால் வந்துகொண்டிருந்தார், கடைசி நொடியில்தான் பிரேக் போட்டேன். அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

ஜப்பானில் 2010இல் வெறும் வழிகாட்டல்தான் வந்தது, 2018இலிருந்துதான் புதிய மாடல்களுக்கு எச்சரிக்கை ஒலி கட்டாயம். என் காரில் அது இல்லை. வாகனங்களின் எச்சரிக்கை ஒலி பற்றிய ஐநா விதி 138 படி 20 கிமீ வேகம் வரை ஒலி வரவேண்டும், 10 கிமீயில் குறைந்தது 50 டெசிபல், 20இல் 56, வேகத்தோடு சுருதியும் மாற வேண்டும் (அப்போதுதான் வண்டி வேகமெடுக்கிறதா, நிற்கப் போகிறதா என்று காதால் பிடிக்கலாம்).

பீப் அடிக்கும் றிவேர்ஸ் ஹார்ன் மட்டும் போதாது, முன்னால் போகும்போதும் கேட்க வேண்டுமே. இப்படிச் சுருதி மாறும் ஸ்பீக்கர் யாராவது பூட்டியிருக்கிறீர்களா? வேக சிக்னலை எந்த வயரில் எடுத்தீர்கள், மழைத்தண்ணி படாமல் பம்பருக்குள் எங்கே வைத்தீர்கள்? இங்கே கராஜ்காரர் ஹைபிரிட் வயரில் கை வைக்கவே பயப்படுகிறார். செய்து தருபவர் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள், வவுனியா என்றாலும் கொண்டுபோகிறேன்.