மரத்தில் சுட்டுப் பதிக்கும் கருவி: ‘சூட்டச்சு’ என்னலாமா?

அன்புடையீர், வணக்கம்.

மரப்பொருள்களில் பெயரையோ சின்னத்தையோ சுட்டுப் பதிக்கும் கருவிக்கு முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட ‘முத்திரை இரும்பு’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ‘branding iron’ என்னும் ஆங்கிலப் பெயரில் இரும்பு இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை. மரவேலைக்கான இக்கருவியின் தலைப்பகுதி பெரும்பாலும் பித்தளையால் ஆனது; பித்தளையில் எழுத்தைச் செதுக்குவது எளிது, வெப்பமும் அதன் முகம் முழுவதும் சீராகப் பரவும்.

‘சூட்டுக்கோல்’ நல்ல பழஞ்சொல். ‘புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம்’ என்னும்போது, சூடு என்பது வெறும் வெப்பத்தை அன்றி, அது உடலில் விட்டுச்செல்லும் வரியையே குறிக்கிறது. ஆகவே அடிச்சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. ஆயினும் ‘கோல்’ என்றதும் எழுதுகோலைப்போலக் கோடு இழுப்பதுதான் மனத்தில் தோன்றுகிறது. சூடான முனையால் மரத்தில் படம் வரையும் பேனா போன்ற கருவியும் புழக்கத்தில் இருப்பதால், சூட்டுக்கோலை அதற்கு ஒதுக்கிவிட்டு, இடவலம் மாற்றிச் செதுக்கிய முழு உருவத்தையும் ஒரே அழுத்தில் பதிக்கும் இதனைச் ‘சூட்டச்சு’ எனலாம் என்பது என் கருத்து. ‘சுடுபொறி’யும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நெருப்பை ஒட்டி வரும் ‘பொறி’யைப் பலரும் தீப்பொறி என்றே படிப்பார்கள்.

விளைவுகளுக்கான சொற்களிலும் கவனம் வேண்டும். வார்னிஷ் பூசுவதற்கு முன்பே, அதே மரத்தின் கழிவுத்துண்டில் அச்சை வைத்துப் பார்த்த பிறகுதான் பொருளில் பதிக்கிறோம். சூடு போதாவிட்டால் எழுத்து வெளிர்பழுப்பாகத் திட்டுத்திட்டாக விழும். என் பலகை ஒன்றில் சில நொடிகள் கூடுதலாக அழுத்திவிட்டதில், ‘ழ’வின் சுழிக்குள் இருந்த சிறு வெளி அடைபட்டுப்போய், எழுத்தைச் சுற்றிலும் பழுப்பு நிறம் படர்ந்துவிட்டது. நாம் வேண்டுவது கருமையான எழுத்து, வேண்டாதது இந்தப் பழுப்பு. முன்னதைக் ‘கருகல்’ என்றும் பின்னதைத் ‘தீய்ச்சல்’ என்றும் பிரித்துக்கொண்டால், செய்முறை எழுதுவோர் ‘கருகல் தெளிவாக இருக்கட்டும், தீய்ச்சல் படர விடாதீர்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

வினைச்சொல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘சூடு வைத்தல்’ தண்டனையை நினைவூட்டுகிறது. ‘சூட்டச்சிடுதல்’ நாவில் இடறுகிறது. இப்போதைக்குச் ‘சுட்டுப் பதித்தல்’ என்றே எழுதிவருகிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.