பேண்ட்கேம்ப்பில் இல்லாத பாட்டுக்கு என்ன வழி?

பெரிய ஸ்ட்ரீமிங் சந்தாவை நிறுத்தப் போகிறேன். ஒலித்தரம் சரிதான், பங்கீடுதான் இடிக்கிறது. எல்லார் சந்தாவும் ஒரே தொட்டியில் விழுந்து, மொத்த ஸ்ட்ரீம் கணக்குப்படி பிரிகிறது. நான் கேட்டே இராத பாடகருக்கும் என் பணம் போகிறது.

செய்து பார்த்தவை: பிளேலிஸ்ட்டை சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக எடுத்து, கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் தேடினேன். சுயாதீனக் கலைஞர்கள் பெரும்பாலும் அகப்பட்டார்கள். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15%, கலைஞரின் சம்பாத்தியம் ஏறினால் 10%. ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். அவை ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், நாவிட்ரோம் என்ற மியூசிக் சர்வர் வழியாக ஒழுங்காக ஓடுகின்றன.

மாட்டிக்கொண்டது லேபிள்களிடம் (இசை நிறுவனங்களிடம்) உரிமை உள்ள பழைய பதிவுகளில். பேண்ட்கேம்ப்பில் அவை இல்லவே இல்லை. கோபுஸ் என்ற இசைத் தளம் கோப்பாக விற்கிறது, ஆனால் எல்லா நாட்டிலும் இல்லை. சவுண்ட்கிளவுட் ஸ்ட்ரீமிங் தளம் 2021-இல் கொண்டுவந்த, கேட்பவர் பணம் அவர் கேட்டவருக்கே போகும் முறை, சுயாதீனக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. பெரிய லேபிள்களில் வார்னர் 2022-இல் சேர்ந்தது. ஒருவர் வாங்கிப் பயன்படுத்திய சிடியை வாங்கினால் பாடியவருக்குச் சல்லிக்காசு சேராது.

இந்த லேபிள் பதிவுகளைக் கோப்பாக வாங்குவதா, புது சிடி வாங்கி ரிப் செய்வதா (கணினியில் கோப்பாக மாற்றுவதா), எதில் கலைஞர் கைக்கு அதிகம் போகும்?