பெயர் இருந்தது, பொருள் இல்லை

சிங்கப்பூரில் ஒரு கிடங்குக்காகச் சரக்கு இருப்பு மென்பொருள் செய்தோம். விண்டோஸ் கணினியில் நிறுவிப் பயன்படுத்துவது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் சோதனைக்குக் கடைசி இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தேன். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அது சொல்வதற்குப் பெயர் வைக்காத பட்டன்களைத் தானியங்கிச் சோதனைக் கருவி காட்டியது. பெயர் வைத்தோம், எல்லாம் பச்சையாகிவிட்டது. அப்புறம் பார்வையற்ற அக்கா ஒருவரை வரவழைத்தோம். என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பல வருடமாகப் பயன்படுத்துபவர். அவர் வைத்திருந்த பேச்சு வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "சரக்கு வரவைப் பதியுங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன். டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனவர், "தம்பி, பட்டன் ஒன்று, பட்டன் ரெண்டுன்னு சொல்லுது. இதுல சேமிக்கிறது எது?" என்றார். நிரலுக்குள் நாங்கள் புழங்கும் பெயரையே அங்கேயும் வைத்திருக்கிறோம்! பெயர் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். அதற்குப் பொருள் உண்டா என்று ஒரு மனிதர்தான் சொல்ல முடியும்.

தேதிப் பெட்டி இன்னும் மோசம். உள்ளே போனால் டேப்பாலும் வெளியே வர முடியவில்லை, எஸ்கேப்பாலும் முடியவில்லை. கடைசியில் ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தி மூடினார். அதுவரை பதிந்ததெல்லாம் போயிற்று. "பரவாயில்ல தம்பி, எனக்குப் பழக்கம்தான்" என்றார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பெட்டியை நாங்களே வரைந்து, பல திரைகளில் போட்டிருந்தோம். முதல் திரையிலேயே கண்டிருந்தால் ஒரு நாள் வேலை. இப்போது திரையின் வரைபடத்திலேயே டேப் போகும் வரிசையையும் ஒவ்வொரு பட்டனின் பெயரையும் எழுதிவிடுகிறோம். முதல் திரை ஓடத் தொடங்கியதும் மௌஸைக் கழற்றிவிட்டு அரை நாள் வேலை பார்க்கிறோம். சோதிக்க வருபவர்களுக்கான கட்டணமும் முதல் நாளே பட்ஜெட்டில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதிகள் வலைத்தளத்துக்கானவை என்று தள்ளிவிடாதீர்கள். அவற்றை மற்ற மென்பொருளுக்கு எப்படிப் பொருத்துவது என்று, அந்த விதிகளை வகுத்த டபிள்யூ3சி அமைப்பு 2013-லேயே தனிக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது.

மறுமொழி:
எனக்குப் பார்வைக் குறைபாடு. திரைவாசிப்பானோடு நிறுத்திவிடாதீர்கள் அண்ணே. விண்டோஸில் எழுத்தளவை 225 விழுக்காடு வரை கூட்டலாம். நான் கூட்டினால் அலுவலக மென்பொருளில் 'சேமி' பட்டன் சாளரத்துக்குக் கீழே போய்விடுகிறது, உருட்டிப் பார்க்கவும் வழியில்லை. கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் கறுப்பு ஐகான்கள் மறைந்துவிடுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் விதி கேட்கும் 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. உங்கள் அடுத்த திட்டத்தில் இந்த இரண்டையும் சேருங்கள். சோதிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.